கழுகு செத்தால் நமக்கென்ன?

(இளைஞர்கள், வணிகர்கள் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சூழலியல் ஆராய்ச்சி என்றதும், "காடு, பறவை பற்றிய பேச்சுதானே! நம் கடைக்கும் நம் பிள்ளைகளின் உடல்நலத்திற்கும் இதில் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கலாம். ஒரே ஒரு பறவையின் வரலாற்றைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

பிணந்தின்னிக் கழுகை நம் முன்னோர் பாறு என்றார்கள். அபசகுனம் என்று பலரும் முகம் சுளிக்கும் பறவை அது. ஆனால் அது செய்த வேலை என்ன? வட இந்தியக் கிராமங்களில் மாடு செத்தால் தோலை உரித்துக்கொண்டு, உடலை ஊருக்கு வெளியே போட்டுவிடுவார்கள். கழுகுக் கூட்டம் இறங்கும். எலும்பை மட்டும் மிச்சம் வைக்கும். அதைப் பொறுக்கி விற்கவும் ஆட்கள் உண்டு. தோல் ஒருவருக்கு, எலும்பு ஒருவருக்கு, சதை கழுகுக்கு! கூலி கேட்காத துப்புரவுப் பணியாளன் அந்தக் கழுகு. பல நோய்க் கிருமிகளை அழித்துவிடும் அளவுக்கு அதன் வயிற்று அமிலம் கடுமையானது.

1990களில் அந்தப் பணியாளன் காணாமல் போனான். ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் கழுகுகளை எண்ணிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ், அவை வேகமாகக் குறைவதைக் கண்டு உலகிற்குச் சொன்னார். 1992க்கும் 2007க்கும் இடையில், வெண்முதுகுக் கழுகுகளில் ஆயிரத்திற்கு ஒன்றுதான் மிஞ்சியது என்று கணக்கெடுப்புகள் காட்டின.

காரணம் என்ன? தொற்றுநோய் என்றார்கள் சிலர். பூச்சிமருந்து என்றார்கள் சிலர். அமெரிக்காவின் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானின் பஞ்சாபில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் பழுதடைந்து, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது. கிருமியும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் போய், "மாடுகளுக்கு நீங்கள் கொடுக்கும் மருந்துகள் எவை?" என்று கேட்டார்கள். விடை அங்கேதான் இருந்தது! டைக்ளோஃபெனாக் என்ற மலிவான வலி மருந்து. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 கழுகுகளில் 25இலும் அது இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13இல் ஒன்றில்கூட இல்லை. 2004இல் இது வெளியானது. செத்த மாடுகளில் 760க்கு ஒன்றில் மருந்து எஞ்சியிருந்தாலே இத்தனை அழிவுக்கும் போதும் என்று அதே ஆண்டில் வேறொரு ஆய்வு கணக்கிட்டது.

சரி, கழுகு போனால் போகட்டும் என்று இருந்துவிட முடிந்ததா? செத்த மாடு அழுகியது. நாய்கள் பெருகின. நாய் பெருகினால் கடி பெருகும். வெறிநாய்க்கடி நோயும் பெருகும். கழுகுகள் மிகுந்திருந்த மாவட்டங்களையும் குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். 2000 முதல் 2005 வரையில் மட்டும், கழுகுகள் அழிந்ததால் கூடுதலாக இறந்த மனிதர்கள் சுமார் 5 லட்சம்! எண்ணிப் பாருங்கள். மாட்டின் வலிக்குப் போட்ட ஊசி, மனிதனின் மரணத்தில் போய் முடிந்தது. இந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் காட்டியது ஆராய்ச்சிதானே?

நோயைக் கண்டவர்கள் மருந்தையும் கண்டார்கள். மெலாக்சிகாம் கழுகுக்குத் தீங்கற்றது என்று சோதித்துச் சொன்னார்கள். 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய புட்டிகள் மாட்டுக் கொட்டகைக்குப் போயின. எனவே 2015இல் ஊசி மருந்தின் புட்டி அளவை 3 மில்லியாக மத்திய அரசு குறைத்தது. அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. கழுகுக்குக் கேடான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற மருந்துகளையும் கால்நடைகளுக்குக் கொடுக்க 2023இல் தடை வந்தது. நம் நீலகிரியின் மோயாறு பள்ளத்தாக்கில் இன்றும் கழுகுகள் கூடு கட்டுகின்றன. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை. இழந்ததை மீட்க நெடுங்காலம் ஆகும்.

வணிகப் பெருமக்களே! அந்த மருந்தை விற்றவர்கள் கொலைகாரர்கள் அல்லர். சட்டம் அனுமதித்ததை நம்பி விற்றார்கள். ஆனால் கல்லாவில் காசு விழுந்ததோடு சரக்கின் பயணம் முடிவதில்லை. இன்று தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகும் மனித மருந்தை மாட்டுக்கு விற்றால் அது அறியாமை ஆகாது. ஆய்வாளர்கள் வந்து விவரம் கேட்டால் விரட்டாதீர்கள். அன்று கடைக்காரர்கள் சொன்ன பதில்தான் உண்மையைக் கொண்டுவந்தது.

இளைஞர்களே! மருத்துவம், பொறியியல் என்று மட்டும் நின்றுவிடாதீர்கள். கழுகை எண்ணுவதும் மக்கள் தொண்டுதான். எண்ணுவதற்கு ஓர் ஆள் இருந்ததால்தான் நாடு விழித்தது. அவர் சொன்னதை உடனே கேட்டிருந்தால் எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும்!

கழுகு செத்தால் நமக்கென்ன என்று இனிக் கேட்போமா? சிந்திப்போம், செயல்படுவோம்.