இரவல் குரலா? டெல்லி கணேஷின் மூன்றாவது மேடை

நேரே வழக்குக்கு வருகிறேன்.

வழக்கு என்னவென்று முன்வரிசைக்குத் தெரியும். டப்பிங் நடிப்பாகாது, உதட்டசைவுக்கு வசனத்தைப் பொருத்தும் கைவேலை என்பது பேராசிரிய நண்பர்கள் கட்சி. அதனால் நடிகர் வரலாறு எழுதும்போது நாடகத்துக்கு ஓர் இயல், சினிமாவுக்கு ஓர் இயல், குரலுக்குப் பின்னிணைப்பில் ஒரு வரி. நான் இதை ஏற்றதில்லை. அதற்கு என் சான்று நடிகர் டெல்லி கணேஷ்.

1. சான்று

விமானப்படையில் பத்தாண்டு இருந்தவர் கணேஷ். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா, சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழு என்று மேடையில் தேறியவர். 1977இல் 'பட்டினப் பிரவேசம்' வழியாக அவரைத் திரைக்குக் கொண்டுவந்தவர் இயக்குநர் பாலசந்தர். அதே பாலசந்தர் 1981இல் சிவசங்கரியின் நாவலை '47 நாட்கள்' என்று படமாக்கினார். அதில் கணவனாக நடித்த சிரஞ்சீவிக்குத் தமிழில் குரல் கணேஷ்.

கதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கல்யாணமாகிப் பாரிசுக்குப் போகிறாள் ஒரு கிராமத்துப் பெண். அங்கே கணவனுக்கு ஏற்கெனவே லூசி என்றொரு மனைவி. இவளுக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு இவள் பாஷை தெரியாது. அந்த வீட்டுக்குள் இருவர் பேச்சும் புரிகிறவன் அவன் ஒருவனே. அவளுக்கு ஒரு பொய், இவளுக்கு ஒரு பொய். இவளுக்கான பொய் முழுக்கத் தமிழில் ஓடுகிறது. அந்தத் தமிழ் முழுக்கக் கணேஷின் தொண்டையில் இருக்கிறது. அந்தக் கிராமத்துப் பெண்ணாக நடித்த ஜெயப்பிரதாவின் காதுக்கு அது கொஞ்சலாக விழவேண்டும். அதே வரி நமக்குப் பசப்பாகக் கேட்கவேண்டும். முகம் பாதிதான் செய்யும்.

அந்தக் காலத்து டப்பிங் தியேட்டரை எண்ணிப் பாருங்கள். காட்சியைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் லூப்பாகத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். சபாவில் கடைசி வரிசைக்கு வீசிப் பழகிய குரலை, முகத்தெதிரே நிற்கும் மைக்குக்காக அடக்கவேண்டும். எதிரே நடிக்க ஆளில்லை, கைதட்ட ஜனமில்லை, கையை ஆட்டினால் யாரும் பார்க்கப் போவதுமில்லை. உதடு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதைத்தான் படம் சொல்லும். எந்தச் சொல்லில் இழைய வேண்டும், எங்கே மூச்சை விழுங்கவேண்டும் என்று சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்புவது நடிப்பில்லையென்றால் எது நடிப்பு?

2. பிற படங்கள்

அவரே திரையில் தோன்றிய 'பசி'யில் (1979) ரிக்‌ஷாக்காரரின் மெட்ராஸ் பேச்சு, 'மைக்கேல் மதன காமராஜ'னில் (1990) பாலக்காட்டு மணி ஐயர். 400க்கும் மேற்பட்ட படங்களில் இன்னும் எத்தனையோ. இவற்றிலும் பாத்திரத்தை முதலில் பிடித்தது காதுதான். விரிக்க நேரமில்லை.

3. இனிச் செய்யவேண்டியவை

சின்னத்திரைத் தொடர்களை நான் தொடவேயில்லை. அது தனி ஆய்வு. ஆய்வு மாணவர்கள் எஞ்சியிருக்கும் ஒலிப்பதிவாளர்களைப் பேட்டி காணலாம். யார் யாருக்குக் குரல் கொடுத்தார் என்று படவாரியாக ஒரு பட்டியல் வேண்டும். இருமொழிப் படங்களின் இரு பதிப்புகளையும் அருகருகே வைத்துக் கேட்கலாம். '47 நாட்க'ளின் தெலுங்குப் பதிப்பான '47 ரோஜுலு'விலிருந்து தொடங்கலாம். 2024 நவம்பரில் கணேஷ் மறைந்துவிட்டார். மற்ற குரல் கலைஞர்களையாவது இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். மறுப்புள்ள நண்பர்கள் எழுத்தில் தந்தால் பதில் எழுதுகிறேன்.