உயர் குருதி அமுக்கமும் தாதியர் பராமரிப்புத் திட்டமும்

(நூற்றாண்டு விழாச் சுகாதாரக் கருத்தரங்கில், தாதியராகப் பணிபுரியும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாம் "பிரஷர்" என்று சொல்லும் உயர் குருதி அமுக்கம் பெரும்பாலும் எந்த நோவும் தராது. அதுவே அதன் ஆபத்து. "இப்ப சுகம்தானே" என்று குளிசையை நிறுத்திய பலரை, பாரிசவாதம் வந்த பிறகுதான் விடுதியில் காண்கிறோம். அந்த நிலை வராமல் தடுக்கவே பராமரிப்புத் திட்டம் எழுதுகிறோம்.

முதற்படி மதிப்பீடு. நோயாளரை ஐந்து நிமிடம் அமைதியாக இருத்தி, முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்து அளக்கிறோம். பிறகு கேட்கிறோம்: வீட்டில் சமைப்பவர் யார்? குளிசை எந்த நேரம்? எந்த நாளில் தவறுகிறது?

இரண்டாம் படி, பிரச்சினையை இனங்காணல். மூவருக்கும் 160/100 என்றே அளவு வரலாம். காரணம் வேறு வேறு. ஒருவர் விரத நாட்களில் குளிசையை விடுகிறார். இன்னொருவர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறார். ஆனால் சோற்றோடு தினமும் கருவாடும் ஊறுகாயும். மூன்றாமவர், எழும்பும்போது தலைசுற்றுகிறது என்று தானாகவே பாதிக் குளிசை போடுகிறார்.

ஆகவே திட்டமும் மூன்று. முதலாமவருக்கு, வைத்தியரிடம் கேட்டு விரத நாளுக்கேற்ற வேளையைக் குறித்துக் கொடுக்கிறோம். இரண்டாமவர் வீட்டில் சமைப்பவரையும் அழைத்துப் பேசுகிறோம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மூன்றாமவருக்குப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளந்து வைத்தியருக்கு அறிவிக்கிறோம்; கட்டிலில் சற்று இருந்து எழும்பப் பழக்குகிறோம்.

இலக்கு அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். "அடுத்த கிளினிக்குக்குள் ஒரு வேளையும் தவறக்கூடாது" என்பது அத்தகைய இலக்கு. அது நிறைவேறாவிட்டால் நோயாளரை ஏசுவதில்லை, திட்டத்தைத் திருத்துகிறோம்.

சகோதரிகளே, இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவின், மாமியின் குளிசைகளை எண்ணிப் பாருங்கள். மிஞ்சியிருந்தால் கோபிக்காமல் காரணம் கேளுங்கள். திடீரென முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் தாமதியாது 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.