ஒரு நாளும் பல நிகழ்ச்சிகளும்

(நமது சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிப் பிள்ளைகட்கு இலக்கணஞ் சொல்லிக் காலங்கழிக்கும் எளியேனை இவ்வவையிற் பேசுமாறு பணித்த அன்பிற்கு முதற்கண் என் நன்றி உரியதாகுக. சொற்குற்றமோ பொருட்குற்றமோ காணின் பெரியோர் பொறுத்தருள்க.

சென்ற ஆவணித் திங்களில் ஒருநாட் காலை, வகுப்பறைச் சுவரிலிருந்த நாட்காட்டியின் தாளைக் கிழித்த மாணவன் ஒருவன், "ஐயா, செப்டம்பர் 11 கெட்ட நாளாமே, உண்மைதானா?" என்று என்னை வினவினான். அமெரிக்க நாட்டில் 2001ஆம் ஆண்டு நேர்ந்த பெருங்கேட்டை அவன் தொலைக்காட்சியிற் கண்டிருந்தான். அந்நாளைப்பற்றி அவனறிந்தது அவ்வொன்றே. அன்று அவனுக்குச் சொன்ன விடையையே சற்று விரித்து இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

நாள் என்பது நிலவுலகம் தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் காலவளவேயாம். அதற்கு நன்மையுமில்லை; தீமையுமில்லை. அவ்விரண்டும் மக்கள் செயலால் அதன்மேல் ஏறுவன. இதனை அந்த ஒரு நாளின் வரலாறே நன்கு விளக்கும்.

1893ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில் உலகச் சமயங்களின் பேரவை தொடங்கிற்று. அதில் விவேகானந்த அடிகள் எழுந்து, வந்திருந்தோரை உடன்பிறந்தாராக விளித்த அளவில் அவை முழுதும் கையொலி எழுப்பியது. அன்று காலை பேரவைக்கு ஒலித்த மணி மதவெறிக்கெல்லாம் சாவுமணியாகுக என்று விழைந்து அவர் தம் உரையை முடித்தார். அவர் கடல் கடந்து செல்லுதற்கு வேண்டிய பொருளை அளசிங்கப் பெருமாள் முதலிய சென்னை இளைஞர் வீடுவீடாகச் சென்று திரட்டினர் என்பதும், இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை ஊக்கினார் என்பதும் நாம் மகிழ்ந்து நினைத்தற்குரியன. இரண்டாண்டு கழித்து, 1895இல், அதே நாளில் மராட்டிய நாட்டில் வினோபா பாவே பிறந்தார். நிலமுடையாரிடம் நடந்து சென்று இரந்து, நிலமில்லார்க்கு வழங்கிய பூதான இயக்கத்தைப் பின்னாளில் தொடங்கியவர் அவரே.

1906ஆம் ஆண்டு அதே நாளில், தென்னாப்பிரிக்காவின் ஜொகானஸ்பர்க் நகரத்து நாடக அரங்கொன்றில் இந்தியர் ஏறத்தாழ மூவாயிரவர் கூடினர். டிரான்ஸ்வாலில் வாழும் இந்தியர், எட்டு வயதுக் குழந்தை முதலாக யாவரும், விரற்பதிவு கொடுத்துச் சீட்டுப் பெற்று, கேட்டபோதெல்லாம் அதனைக் காட்டவேண்டும் என்று ஒரு சட்டம் வரவிருந்தது. காந்தியடிகள் முன்னிலையில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கெழுந்து, அதற்குப் பணிவதில்லை, அதனால் வருந் துன்பம் யாதாயினும் ஏற்போம் எனக் கடவுளைச் சான்றாக்கிச் சூளுரைத்தனர். பிற்காலத்தே சத்தியாக்கிரகம் என்று பெயர்பெற்ற அறப்போருக்கு அன்று வித்திடப்பட்டது. அப்போரில் தமிழ்க்குடிகள் பெருமளவிற் சிறை புகுந்தனர். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலுற்ற நோயால் 1914இல் தம் பதினாறாம் வயதில் உயிர்நீத்தார்.

1921ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் இரவு, சென்னைத் திருவல்லிக்கேணியில் சுப்பிரமணிய பாரதியார் மறைந்தார். உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்த பின்னராதலின், ஆங்கிலக் கணக்கில் அது 12ஆம் நாளாகும். ஞாயிறு எழுதல் முதல் மறுநாள் எழுதல் வரை ஒரு நாளெனக் கொள்ளும் நம் வழக்கின்படி அவ்விரவு 11ஆம் நாளையே சாரும். நாளைப்பற்றி எழுந்த வழக்கின் காரணம் இதுவே. அவருக்கு அப்போது நாற்பதும் நிரம்பவில்லை; இறுதி ஊர்வலத்திற் சென்றோர் மிகச் சிலரே. அந்நாளையே 2021இல் தமிழக அரசு 'மகாகவி நாள்' என அறிவித்தது. வாழ்ந்த நாளிற் புறக்கணித்தவரை நூறாண்டு கழித்துப் போற்றுகின்றோம்.

இனி, சொல்லுதற்குக் கூசினும் சொல்லாமல் விடற்கியலாத ஒன்றுண்டு. 1957ஆம் ஆண்டு அதே நாளிரவு, நம் தமிழ்நாட்டுப் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். படையிற் பணிபுரிந்து மீண்டு, தீண்டாமையை எதிர்த்து நின்ற இளைஞர் அவர். முந்தைய நாள் முதுகுளத்தூரில் நடந்த அமைதிக் கூட்டத்திற் கலந்துகொண்டு வந்தவர். ஆண்டுதோறும் அந்நாளில் அவர் நினைவிடத்தில் மக்கள் திரள்கின்றனர். 2011இல் அந்நினைவு நாளன்றே காவலர் துப்பாக்கிச் சூட்டில் மேலும் சில உயிர்கள் மாண்டன.

2001இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களும் பிற இடங்களும் தாக்குண்டு மாண்டோர் ஏறத்தாழ மூவாயிரவர். மதவெறிக்குச் சாவுமணி ஒலிக்கட்டும் என அடிகள் வேண்டிய அந்நாட்டிலேயே, சரியாக நூற்றெட்டு ஆண்டுகள் கழித்து, அதே நாளில் இது நிகழ்ந்தது. ஒரு மூவாயிரவர் அறத்தின்பொருட்டுச் சூளுரைத்த நாளும், ஒரு மூவாயிரவர் பகைமைக்கு இரையான நாளும் நாட்காட்டியில் ஒரே தாளாம்.

அன்பர்களே! தொலைவிலுள்ள கோபுரம் சரிந்ததற்கு இரங்குதல் எளிது. நம் மாவட்டங்களிற் சாதியின் பெயரால் விழுந்த குருதிக்கு நாணுதல் அரிது. நாமோ ஒரு சாதியின் பெயரால் இங்கே கூடியிருப்போர். நம் பிள்ளைகட்குப் படிப்புதவி செய்தலும், நலிந்த குடும்பங்களைத் தாங்குதலும் நற்செயல்களே. ஆயினும் நம்மவர் என்னும் அன்பு அயலவர்மேற் பகையாக மாறுமாயின், இச்சங்கம் இல்லாதிருத்தலே நன்று. இதனை என் சுற்றத்தாராகிய உங்களிடமன்றி வேறு யாரிடம் உரிமையோடு சொல்வேன்?

ஆதலின் ஒரு விண்ணப்பம். வரும் செப்டம்பர் 11 மாலை, இக்கட்டடத்தின் கதவை ஊரிலுள்ள எல்லாச் சமூகத்தார்க்கும் திறந்து வைப்போம். நாம் முன்சென்று அவர்களை அழைப்போம். ஒரே பந்தியில் இருந்து உண்போம். பிள்ளைகள் இந்நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எழுந்து சொல்லட்டும். என்னை வினவிய அம்மாணவனையும் நான் அழைத்து வருவேன். செயற்குழுவினர் இதனை ஏற்றுத் தீர்மானமாக்க வேண்டுமென்று பணிந்து கேட்டு அமர்கின்றேன்.