பூசணிக்காயின் நிறத்தைப் பாருங்கள்

சம்பளம் கைக்கு வந்ததும் ஹட்டன் சந்தையில் பூசணிக்காய்க் கீற்று வாங்கும்போது, எடையையும் விலையையும் கேட்கிறோம். சதையின் நிறத்தையும் பாருங்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கரட், லீக்ஸ், கோவாவுக்கு ஏற்ற நம் மலைக்குளிர் பூசணிக்கு ஆகாது. அது மொனராகலை, அநுராதபுரம், அம்பாந்தோட்டை வெயிலில் விளைந்து லொறியில் ஏறி வருகிறது. ருகுணு, மீமினி, கலப்பின வகைகள், குடுவை வடிவப் பட்டர்நட் என்று பல இனங்கள் உண்டு. எல்லாம் பூசணிதான், சத்து மட்டும் ஒரே அளவில் இல்லை.

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அட்டவணைப்படி, சாதாரணப் பூசணியின் 100 கிராம் பச்சைச் சதையில் 92 கிராம் தண்ணீர். கலோரி 26, விட்டமின் சி 9 மில்லிகிராம். பட்டர்நட்டில் தண்ணீர் 86 கிராம்தான். கலோரி 45, விட்டமின் சி 21 மில்லிகிராம். பீட்டா கரோட்டின் முன்னதில் 3,100 மைக்ரோகிராம், பின்னதில் 4,200. பொட்டாசியம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

சதைக்குச் செம்மஞ்சள் நிறம் தருவது கரோட்டின்கள்தான். பீட்டா கரோட்டினை உடம்பு விட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கண்பார்வைக்கும் நோயைத் தாங்கும் சக்திக்கும் அது வேண்டும். நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய விட்டமின் ஏ, அந்த 100 கிராம் சாதாரணப் பூசணியிலேயே ஏறக்குறைய இருக்கிறது. வெளிறிய சதையில் அவ்வளவு கிடைக்காது. கரட்டில் பீட்டா கரோட்டின் சாதாரணப் பூசணியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதன் விலை எட்டும் நாளில் அதையே வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பீட்டில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 32 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதற்கும் அது 17. பூசணி மட்டும் இதை மாற்றிவிடாது. பருப்பும் முட்டையும் நெத்தலியும் கீரையும் வேண்டும். ஆனால் ரொட்டியும் சம்பலுமாகவே பொழுது போகும் வீட்டில், ஒரு பூசணிக் கறி சேர்வதும் பெரிய காரியம்.

கரோட்டின் உடம்பில் சேர எண்ணெய்ப் பசை வேண்டும். அதனால் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டுச் சமையுங்கள். பெரிய துண்டுகளாக வெட்டி, குறைந்த தண்ணீரில் மூடி வேகவையுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டினால் விட்டமின் சியும் பொட்டாசியமும் அதோடு போய்விடும்.

முற்றிய முழுக்காய் ஈரமில்லாத இடத்தில் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். வெட்டினால் சீக்கிரம் பழுதாகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால், லயத்தில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு காய் வாங்கி, வெட்டிய அன்றே பங்கிட்டுக்கொள்ளலாம். வாங்கும்போது, சந்தைக் குவியலில் ஒன்றை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். சதை தடிப்பாக, ஆழ்ந்த செம்மஞ்சளாக இருந்தால் வாங்குங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவைப் பொறுப்பாகப் பார்க்கும் அக்காமாரே, வாரத்தில் இரண்டு நாளாவது பிள்ளைகளின் மதியச் சோற்றோடு இந்தக் கறியைக் கொடுங்கள்.