மிதப்பும் புணையும்

(காரியாபட்டியில் நமது சங்கத்தார் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆங்கிலத்தில் 'பாயண்ட்' என்றொரு பண்புச்சொல் உண்டு. நீரில் அமிழாது மிதக்கும் இயல்புடையது என்பது அதன் நேர்ப்பொருள். துன்பத்திலும் சோர்வடையாத மனத்தையும், ஏறுமுகமாயுள்ள வியாபாரத்தையும் அச்சொல்லாலேயே குறிப்பர். அவர்களுக்கு அது புகழ்ச்சொல். நம் நாட்டிலோ, "அவன் மிதப்பில் திரிகிறான்" என்றால் வசையாகும். கையிற் பணமோ பட்டமோ சேர்ந்தவுடன் கால் தரையிற் பாவாமல் நடப்பவனையே நாம் அவ்வாறு சொல்கிறோம். ஒரே செயலை ஒரு மொழி புகழவும் மற்றொரு மொழி இகழவும் காரணம் யாது?

பொருள்கள் மிதக்கும் விதத்தை நோக்கினால் இது விளங்கும். இரும்பாணி நீரில் ஆழ்கிறது. இரும்புக் கப்பலோ மிதக்கிறது. கப்பல் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. அவ்வளவு விசையோடு நீர் அதனை மேல்நோக்கித் தாங்குகிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை இது. ஆகவே, மிதப்பது கப்பலாயினும் தாங்குவது நீரே.

நமக்கு அணித்தாயுள்ள மதுரையில், திருமலை நாயக்கர் வெட்டுவித்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைக் காணாதவர் நம்மில் அரியர். தைப்பூசத்தன்று மீனாட்சியம்மையும் சுந்தரேசுவரரும் அங்கே தெப்பத்தில் எழுந்தருளி உலா வருவர். குளம் வறண்ட ஆண்டுகளில் அவ்விழா நிலைத்தெப்பமாக நடந்ததும் உண்டு. தெப்பத்திற் குறையில்லை, அலங்காரத்திற் குறையில்லை. நீரின்மையால் தெப்பம் மிதக்கவில்லை.

நம் பிள்ளைகள் படித்து உத்தியோகம் பெறுவதும் இத்தகையதே. நகையை அடகு வைத்த தாயும், சம்பளம் கட்டிய மாமனும், பிற சமூகத்தவராயினும் பரிவோடு கற்பித்த ஆசிரியரும் நீராய் நின்று தாங்கினர். அந்நீரை நம்பித் துன்பத்தில் அமிழாதிருப்பது ஆங்கிலேயர் புகழும் குணம். அந்நீரை மறப்பது நாம் இகழும் மிதப்பு. இரு மொழியும் கூறியது சரியே.

வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தில் சுற்றத்தைப் புணை என்றார். சினம் அப்புணையையே எரித்துவிடும் என்றும் எச்சரித்தார். வரப்புத் தகராற்றாலும் பாகப்பிரிவினையாலும் வருஷக்கணக்காய்ப் பேச்சற்றிருக்கும் உடன்பிறந்தார் நம்மிடையே இல்லையா? வென்ற பங்கு அரைக்குழி நிலமாயிருக்கும். எரிந்ததோ ஏறிச்செல்லும் புணை.

அன்பர்களே! இன்று வீடு திரும்புமுன் அத்தகைய ஒருவர் வாசலையேனும் நாம் மிதிப்போமாக. முதல் வார்த்தையை யார் பேசுவது என்று பார்த்திருக்க வேண்டா, நாமே பேசுவோம்.