பனையா, பேரீச்சையா?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



தேவாரம் படித்த பிள்ளைகளும் சங்கீதம் படித்த பிள்ளைகளுமாக இந்தப் பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். ஆகவே இன்று வேதாகமத்தைப் பற்றிப் பேச வந்தாலும், அது எல்லோருக்கும் உரிய பேச்சாக இருக்கவேண்டும் என விரும்புகிறோம்.

வேதாகமத்தில் மரமும் மழையும் கடலும் நிறைய வருகின்றன. அவற்றுள் எதைச் சொன்னபடியே எடுப்பது, எதை உவமையாக எடுப்பது? இதுவே எமது பொருள்.

92ஆம் சங்கீதம் நீதிமானை ஒரு மரத்துக்கு ஒப்பிடுகிறது. எங்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த மரம் பனை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அது பேரீச்சை. எபிரேய மூலத்தில் உள்ள 'தாமார்' என்ற சொல் பேரீச்சையைத்தான் குறிக்கும். சொல்லளவில் புதியதே சரி. ஆனால் வறட்சியிலும் நிமிர்ந்து நிற்பது எது, வயது போனாலும் பலன் தருவது எது என்று ஒரு வன்னிப் பிள்ளையிடம் கேளுங்கள். பனை என்றுதான் சொல்லும். மரத்தின் பெயர் மாறியும் சங்கீதத்தின் கருத்து மாறவில்லை. உவமை என்பதை நாம் அறிந்துகொள்ளும் வழி அதுதான்.

கடுகு விதையும் அப்படியே. மாற்கு 4ஆம் அதிகாரம் அதை விதைகளிலெல்லாம் சிறியது என்கிறது. புகையிலைக்கு நாற்றுமேடை போட்டவர்களுக்குத் தெரியும், புகையிலை விதை கடுகைவிட எவ்வளவு சிறியது என்று. அதனால் இயேசுவின் உவமை பொய்யாகிவிடவில்லை. சிறிய தொடக்கத்தை இகழாதே என்பதே அங்கு பாடம்.

ஆதியாகமத்தின் ஆறு நாட்களைப் பற்றி 5ஆம் நூற்றாண்டிலேயே புனித அகுஸ்தீனார் யோசித்தார். சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. அப்படியானால் அதற்கு முந்திய நாட்களை எதைக்கொண்டு அளப்பது? அவை எமது நாட்களைப் போன்றவையாக இருக்க முடியாது என்றே அவர் எண்ணினார். டார்வின் பிறப்பதற்கு ஏறக்குறைய 1400 ஆண்டுகளுக்கு முன்பே திருச்சபைக்குள் எழுந்த எண்ணம் இது.

உவமையைச் சொன்னபடி எடுத்தால் என்ன நேரும் என்பதை நாம் 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பின் கண்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முல்லைத்தீவுக் கரையைக் கடல் வாரிக்கொண்டு போனது. கடவுள் கடலுக்குக் கதவிட்டு எல்லை வகுத்தார் என்று யோபு 38ஆம் அதிகாரம் பாடுகிறது. அப்படியானால் கதவைத் திறந்துவிட்டது யார்? செத்தவர்களின் பாவம்தான் என்று சிலர் சொல்லக் கேட்டோம். அதுவும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருந்த இடத்தில். சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து எழுந்த அலை அது. துன்பம் பாவத்தின் கூலி என்று வாதாடிய நண்பர்களை அதே யோபு புத்தகத்தின் முடிவில் கடவுள் கண்டிக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்கிறார். பாட்டைப் புவியியலாகப் படித்தவர்களுக்கு அறிவோடு இரக்கமும் போய்விட்டது.

சரி, எல்லாமே உவமைதான் என்று விட்டுவிடலாமா? உபாகமம் 20ஆம் அதிகாரத்தில் ஒரு போர்ச் சட்டம் இருக்கிறது. ஒரு நகரத்தை நெடுநாள் முற்றுகையிட்டாலும் அதன் கனிமரங்களைக் கோடரியால் வெட்டக்கூடாது. இதில் உவமை ஒன்றும் இல்லை. மரம் என்றால் மரம். வெட்டாதே என்றால் வெட்டாதே. பளையிலும் முகமாலையிலும் தலையிழந்து நின்ற பனைகளைக் கண்டவர்கள் நாம். பனைக்குக் குருத்து ஒன்றுதான். அது போனால் மரமும் போயிற்று. எறிகணைக்குப் போனவை பல. காப்பரணுக்குக் குற்றியாகப் போனவையும் பல.

ஏழாம் ஆண்டில் நிலத்தை ஓய விடு என்கிறது லேவியராகமம் 25ஆம் அதிகாரம். அதை ஆன்மாவின் ஓய்வு என்று விளக்கிவிட்டு, பெரும்போகம், சிறுபோகம் என்று மருந்தும் உரமும் இட்டு அதே நிலத்தை வருத்துகிறோம். ஆற்று மணலைக் களவாக அள்ளுவதைக் கண்டும் பேசாமல் இருக்கிறோம்.

எமக்குத் தோன்றுவது இதுதான். உவமையைச் சட்டமாக்கிக்கொண்டு ஒருவரோடொருவர் வாதாடுகிறோம்; சட்டத்தை உவமையாக்கிவிட்டுத் தப்பிக்கொள்கிறோம். உலகம் எப்படி உண்டானது என்று பாடும் வசனத்தில் அதன் கருத்தைத் தேடுவோம். இந்த மண்ணில் எமது கை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்லும் வசனத்தைச் சொன்னபடியே கைக்கொள்வோம். சைவப் பிள்ளைகளும் தங்கள் நூல்களை இவ்வாறு படிக்கலாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இந்த மாரிக்கு முன் பாடசாலை எல்லை வேலியோரம் பனம் விதை ஊன்றுவோம். வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கப் போகிறீர்களோ என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்; பண்ணட்டும். பனை பலன் தரப் பதினைந்து, இருபது வருடம் செல்லும். அப்போது நுங்கும் கிழங்கும் இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு. விதை கொண்டுவர விரும்புகிறவர்கள் இன்றே சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.