பழைய பேரேடும் ஊரின் கதையும்

(ஆகஸ்ட் மாதக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வங்கியில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவனை வரலாறு பேசச் சொல்லிவிட்டார்கள். பி.காம். படித்த எனக்கு வரலாறு என்றால் போன வருஷத்து பேலன்ஸ் ஷீட்தான். ஆனாலும் இன்று ஆகஸ்ட் 22, சென்னை தினம். அந்த நாளைக் கொண்டாட 2004-ல் வழிசெய்தவர்களில் ஒருவரான எஸ். முத்தையாவைப் பற்றிச் சொல்கிறேன்.

1930-ல் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்தவர். படிப்பு இலங்கையிலும் அமெரிக்காவிலும். 1951 முதல் கொழும்பில் ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ பத்திரிகை வேலை. 1968-ல் சென்னை வந்து, வரைபடம் அச்சிடும் நிறுவனத்தில் சேர்ந்தார். வரலாற்றுப் பேராசிரியர் அல்ல. ஆனால் 1981-ல் ‘மெட்ராஸ் டிஸ்கவர்டு’ எழுதினார். 1991-ல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழைத் தொடங்கினார். 2019-ல் காலமாகும்வரை கிட்டத்தட்ட இருபது வருஷம் ‘தி இந்து’வில் வாரந்தோறும் சென்னையைப் பற்றி எழுதினார்.

எனக்கு அதில் பிடித்தது கட்டுரையைவிடக் கடைசிப் பகுதிதான். வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு அங்கே இடம் கொடுப்பார். விட்டுப்போனதை யாராவது சொன்னால் சேர்ப்பார், தப்பென்று சொன்னால் திருத்துவார். லெட்ஜரில் தப்பு விழுந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, இனிஷியல் போட வேண்டும். அவரும் அப்படித்தான் வரலாறு எழுதினார்.

அவர் படித்த அமெரிக்காவில் இது ஊர்ப் பழக்கம். பாஸ்டனில் 1791-லேயே வரலாற்றுச் சங்கம் வைத்துவிட்டார்கள். இன்று சின்னச் சின்ன ஊர்களில்கூட ஒரு பழைய வீட்டில் கடைக் கணக்கு, கல்யாணப் போட்டோ, கடிதம் எல்லாம் சேர்த்து வைத்திருப்பார்கள். பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நம்மைப் போன்ற ரிட்டயர்டு ஆட்கள்தான்.

நம் திருவண்ணாமலைக்கு ஆய்வே இல்லை என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சு ஆய்வாளர்கள் பல தொகுதிகள் எழுதியிருக்கிறார்கள். கல்வெட்டு, கட்டடம், திருவிழா என்று போய், ஐந்தாவது தொகுதி முழுக்க நகரத்தைப் பற்றியே. கில்மோட்டோ, ரெய்னிஷ், பிஷார் என்ற மூவர் எழுதியது. வெளிவந்தது 1990, நம் ஊர் மாவட்டத் தலைநகரானது 1989-ல். நாம் குடியிருக்கும் இந்த அடுக்குமாடி ஊர் அதற்குப் பிறகு முளைத்தது. அந்தப் புத்தகத்தில் நாம் இல்லை. இருந்தாலும் பிரெஞ்சில் நமக்குப் படிக்கத் தெரியாது, அது வேறு விஷயம்!

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வேலை பார்த்த கிளை இடம் மாறியபோது, கெடு முடிந்த பழைய லெட்ஜர்களைக் கழிக்கச் சொன்னார்கள். விதிப்படி சரிதான். லிஸ்ட் போட்டவன் நான், சணலால் கட்டியவனும் நான். தேரடி வீதிக் கடைகள், மல்லாட்டை மண்டிகள், யார் எப்போது கடை திறந்தார், எந்த வருஷம் மூடினார், எல்லாம் அதில் இருந்தது. எடைக்குப் போயிற்று. ஒரு பெயரையாவது குறித்து வைக்கலாமே என்று அன்று தோன்றவில்லை.

நம் ‘சி’ பிளாக் பாட்டி ஒருவர், லிஃப்ட் இருக்கும் இடத்தில் கமலைக் கிணறு இருந்தது என்கிறார். அவருக்கு வயது எண்பத்தாறு. போன வாரம் அவர் பேசியதைப் பேரன் போனில் நாற்பது நிமிஷம் பதிவு செய்தோம். இன்னும் பாதிகூட முடியவில்லை.

உங்கள் வீட்டு மூலப்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மனைக்கு முன்னால் நிலம் யாருடையது, என்ன பயிர், எல்லைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் அசோசியேஷன் அறையில் இருப்பேன். ஒரிஜினலைக் கொண்டுவர வேண்டாம், ஜெராக்ஸ் போதும்.